பித்தளைச் சக்களத்தி

என் வீட்டுக்காரருக்கு,

மலைவாசிகளின் அம்மனைப் பித்தளையில் வார்க்க ஒரு வாரம் என்று போனீர்கள். மாதம் ஒன்றாகிறது. போனில் கேட்டால், "மெழுகுல அவ முகம் வந்துடுச்சு. விட்டுட்டு வர மனசில்ல" என்கிறீர்கள். என்னை விட்டுவிட்டுப் போக மட்டும் மனசு வந்ததாக்கும்!

நேற்று அந்த ஊர்ப் பூசாரியம்மா சந்தைக்கு வந்திருந்தார். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அவ அவ்வளவு அழகா?"

"எங்கேம்மா, இன்னும் பொறக்கவே இல்லையே! ரெண்டு தடவ வார்ப்பு பொத்தலாப் போச்சு. 'எம்பொண்டாட்டி துருத்தி ஊதினாத்தான் உலை சரியாச் சூடேறும்'னு உன் வீட்டுக்காரர் தெனமும் பொலம்புறாரு."

என் வயிற்றில் பால் வார்த்தார் மகராசி.

நாளைக் காலை பஸ்ஸில் வருகிறேன். துருத்தியை நான் ஊதுகிறேன், அவள் நல்லபடியாகப் பிறக்கட்டும். பிறந்ததும் அவள் அவர்கள் கோயிலுக்கு. நீங்கள் நம் வீட்டுக்கு.

இப்படிக்கு,
உங்கள் துருத்திக்காரி