வெட்டுவதற்காக விட்ட இடம்

உன் போனைக் கையில் வாங்கியதும் முதலில் விரலில் பட்டது அந்த ஸ்டிக்கர் பொட்டுதான். பின்பக்கம் கேமராவுக்குக் கீழே ஒட்டியிருந்தாய். ஓரம் தேய்ந்து பாதி உரிந்திருந்தது. விரல் அதன்மேல் இருந்தால் கேமராவை மறைக்காது என்பது உன் கணக்கு. நான் அதையே தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே உங்கம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"தாயி, அவ போயி முப்பதாம் நாள் ஜெபத்துக்குச் சொந்தமெல்லாம் வருது. அவ எடுத்து வச்சதெல்லாம் இதுலதான் கெடக்கு. ஒண்ணாச் சேத்து ஒரு வீடியோவாக் குடு."

எங்கள் எரியோட்டிலேயே கல்யாண வீடியோ எடுக்கும் கடை இருக்கிறது. அவர்களிடம் கொடுக்கலாமே என்று மெதுவாகச் சொன்னேன்.

"அவுகளுக்கு அவளத் தெரியுமா? நீதான் வீடியோவ நல்லா வெட்டுவேன்னு எந்நேரமும் சொல்லிக்கிட்டு இருப்பா."

நீ அப்படிச் சொன்னாய் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

இதை நான் போனிடம் சொல்லச் சொல்ல அது எழுத்தாக்குகிறது. எழுதியதைத் திரும்பப் படித்தும் காட்டுகிறது. உன் பெயரை மட்டும் தப்பாகவே படிக்கிறது. அதனால் பெயர் போடவில்லை. நீ என்றே இருக்கட்டும்.

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு முதலில் போர்டு மங்கியது, பிறகு புத்தகம், பிறகு பள்ளிக்கூடம் போகிற வழி. படிப்பு அதோடு நின்றது. வீட்டுக்கு யார் வந்தாலும் உள்ளறைக்குப் போய்விடுவேன். பார்வை இல்லாதவர்களுக்குப் போனில் வீடியோ எடுக்கச் சொல்லித்தரும் வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா என்னைச் சேர்த்துவிட்டபோதும், எல்லாரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன். உன்னைப் பற்றி நீயே சொல்லி ஒரு வீடியோ அனுப்பு என்பது முதல் பாடம். ஒரு வாரம் பயந்து அனுப்பினேன். உடனே உன் குரல் வந்தது.

"ஏ புள்ள, எங்கம்மா பாத்துட்டுச் சொல்லுது, உங்க வீட்டு ஃபேன் நல்லாப் பேசுதாம்."

போனைச் சாய்த்துப் பிடித்திருக்கிறேன். வீடியோ முழுக்கக் கூரையும் ஃபேனும். குழுவை விட்டே போய்விடலாம் என்று இருந்தேன். அதற்குள் அடுத்தது வந்தது.

"கோவிச்சுக்கிட்டியா? என் மொத வீடியோவுல எங்க வெள்ளாட்டோட பின்பக்கந்தான் இருந்துச்சு. அது ஜெபமெல்லாம் சொல்லுச்சு, தெரியுமா?"

நான் சத்தமாகச் சிரித்ததைக் கேட்டு எங்கம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

நீ எனக்கு ஒரு வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிட விடவில்லை. சாணார்பட்டிக்கு அந்தப்பக்கம் உங்கள் ஊருக்கு அப்பா என்னை இரண்டு பஸ் மாற்றிக் கூட்டிவந்த நாள் ஞாபகம் இருக்கிறது. மல்லித் தோட்டத்தில் காலை ஈரம் காயவில்லை. என் பின்னால் நின்று இரண்டு முழங்கைகளையும் விலாவோடு சேர்த்து அமுக்கினாய். "இப்பிடி ஒட்டிக்க. போன் ஆடாது." உன் இயர்போனில் ஒன்றை என் காதில் செருகினாய். போனின் குரல் உள்ளே சொன்னது: ஒரு முகம், இடதுபக்கம். செத்த நேரம் கழித்து: ஒரு முகம், நடுவில். எதிரே செங்கலில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்த உங்கம்மாவின் முகம் அது. பார்வை போனபின் ஒருத்தர் முகம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

உன் முறை ஒன்று உண்டு. "மொதல்ல என்ன எடுக்கப்போறேன்னு சொல்லு. செத்த நேரம் சும்மா இரு. அப்புறம் ஆரம்பி." வீடியோக்களுக்குப் போன் வைக்கும் பெயர் வெறும் எண்கள்தான். முதலில் சொல்லி வைத்தால், எது எந்த வீடியோ என்று கேட்டதுமே தெரியும். அந்தச் சும்மா இருக்கும் இடம் வெட்டுவதற்காக விடுவது. காதால் வெட்டுகிறவர்களுக்கு மௌனம்தான் அடையாளம். அங்கே நிறுத்தி, 'பிரி' என்று போனின் குரல் சொல்லும் இடத்தில் இரண்டு தட்டு தட்டி, முன்னால் இருப்பதை நீக்கிவிட வேண்டும்.

ஒருமுறை நான் அதைச் சரியாக நீக்காமல் அனுப்பிவிட்டேன். நீ விளையாட்டாகப் பேசவில்லை. "அத மிச்சம் வைக்காத புள்ள. பாக்குறவுக, பாவம், குருட்டுப் புள்ளைக பேச்சு வராம நிக்குதுகன்னு உச்சுக் கொட்டுவாக. நம்ம பேசுறதக் கேக்கட்டும், பூவப் பாக்கட்டும். அந்த உச்சு மட்டும் எனக்கு வேணாம்."

அதன்பின் நான் மிச்சம் வைத்ததே இல்லை.

போன மாதம் காய்ச்சல் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாய். அங்கிருந்து, "ஃபேன் இங்கயும் நல்லாத்தான் பேசுது" என்று அனுப்பினாய். அவ்வளவுதான். பிறகு உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை.

உன் வீடியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். மல்லி தொடுக்குறது. முருங்கைக்கீரை உருவுறது. கனகாம்பரம் மொட்டுப் பாக்குறது. பாதிக்குமேல், செங்கலில் போனைச் சாய்த்து வைத்து, இயர்போன் பொத்தானை அழுத்தி நீயே உன்னை எடுத்தவை. ஒவ்வொன்றிலும் உன் அறிவிப்பை வெட்டும்போது கை நின்றது. ஆனாலும் வெட்டினேன். அந்த மௌனத்தையும் நீ சொன்னபடி கொஞ்சமும் விடாமல் வெட்டினேன். சேர்த்துக் கேட்டபோது தொடர்ச்சியாக இருந்தது, மூச்சுவிடும் இடம்கூட இடறவில்லை. நீ கேட்டிருந்தால் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டாய் என்று நினைத்தேன்.

நேற்று உங்கம்மா வந்து பார்த்தார்.

"நல்லா இருக்கு தாயி," என்றார். "அவ சிரிக்கிறது எங்க?"

"சிரிக்கிற சத்தம் எதுலயும் இல்லையேம்மா. எல்லாத்தையும் கேட்டுட்டேன்."

"சத்தம் போட்டா சிரிப்பா? இன்னது எடுக்குறேன்னு சொல்லுவா. அப்புறம் போன் காதுல என்னமோ சொல்லும்போல. ஒடனே அது பக்கம் திரும்பி மூஞ்சி பூராச் சிரிப்பா. பூவக் கையில எடுத்துட்டா உம்முன்னு ஆயிருவா. போனு எங்கிட்ட இருந்தவரைக்கும் நான் தெனமும் அதத்தான போட்டுப் பாத்தேன். எங்களப் பாத்து அவ ஒரு நாளும் அப்பிடிச் சிரிச்சதில்ல."

உன் முகத்தைப் பற்றிப் போன் உனக்குச் சொன்னது என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு முகம், நடுவில்.

ஆனால் அதற்குமேல் எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ சிரித்தது உனக்குத் தெரியுமா? தெரிந்தால் அந்த இடத்தை ஏன் வெட்டச் சொன்னாய்? பிறந்ததிலிருந்து ஒரு சிரிப்பையும் பார்க்காத நீ யாருக்காகச் சிரித்தாய்? நான் ஒன்பதாம் வகுப்புவரை எத்தனையோ சிரிப்பைப் பார்த்திருக்கிறேன். எங்கம்மாவுடையது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. உன்னுடையதை எப்படி யோசித்துப் பார்த்தாலும் வரவில்லை. வெட்டாத வீடியோக்களைத் திறந்து அந்த மௌனங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். தூரத்தில் மோட்டார் ஓடுகிறது, காக்கா கரைகிறது, நீ மூச்சு விடுகிறாய். சிரிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று என் காதுக்குத் தெரியவில்லை.

உன் முறையை உங்கம்மாவிடம் சொன்னேன். உச்சுக் கொட்டுவதைப் பற்றியும் சொன்னேன்.

"அவளா அப்பிடிச் சொன்னா?" என்று கேட்டார். பிறகு கோபமாக, "சொந்தக்காரய்ங்க கொட்டுனா கொட்டிட்டுப் போறாய்ங்க. எனக்கு எம்புள்ள மூஞ்சி வேணும்" என்றார். உடனே குரல் இறங்கிவிட்டது. "அவ சொன்னத மீறுனாலும் பாவந்தான். எனக்கு ஒண்ணும் வெளங்கல தாயி. நீயே சொல்லு."

யாரும் என்னை நீயே சொல்லு என்று கேட்டதில்லை. எனக்கும் விளங்கவில்லை. முழு மௌனத்தையும் விட்டால் நீ பயந்தது நடக்கும். வெட்டினால் உங்கம்மாவுக்கு நீ சிரிக்கவே இல்லை. உள்ளறைக்குப் போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை.

உங்கம்மாவை என் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னேன். அவர் கையை எடுத்து என் மணிக்கட்டின்மேல் வைத்துக்கொண்டேன்.

"அவ சிரிக்க ஆரம்பிச்சதும் ஒரு தடவ அமுக்குங்க. முடிஞ்சதும் இன்னொரு தடவ."

மல்லி தொடுக்கும் வீடியோவை ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டேன். உன் அறிவிப்பு முடிந்தது. மோட்டார் சத்தம் கேட்டது. அவர் விரல்கள் அமுங்கின. நிறுத்தி, பிரித்தேன். மறுபடி ஓடவிட்டேன். நான் நினைத்ததைவிட நேரமாயிற்று. அமுக்கினார். பிரித்தேன். சிரிப்புக்கு முன்னால் இருந்ததையும், அதற்கும் நீ பேசத் தொடங்கியதற்கும் நடுவே மிஞ்சியதையும் நீக்கிவிட்டு, சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்த வீடியோவைத் திறந்தேன்.