வெள்ளிக்கிழமை மதியம் எண்ணிய தெரு

9 ஜனவரி 2024, செவ்வாய்

காலையிலிருந்து கடைக்கு வந்தது இரண்டே பேர். ஒருத்தி சுடிதாருக்கு ஜிப் கேட்டாள். இன்னொருவர் ரயில்வே ஸ்டேஷனுக்கு வழி கேட்டார். வழி கேட்டவரிடம்தான் அதிக நேரம் பேசினேன்.

வாப்பா இந்தத் தையல் சாமான் கடையைப் பார்த்துக்கொண்ட காலத்தில் எங்கள் கம்போளத் தெரு வழியாகத்தான் பஸ் போகும். கோட்டாற்றுக்குச் சாமான் எடுக்க வருகிறவர்கள் நம் வாசலில்தான் இறங்குவார்கள். பஸ்ஸை வேறு வழிக்கு மாற்றி ஒன்பது வருஷம் ஆகிறது. முப்பத்தொரு கடைகளில் எட்டு நிரந்தரமாகப் பூட்டிக் கிடக்கின்றன. எதிர்க்கடை ஷட்டருக்கு மேலே முளைத்த அரசங்கன்று என் உயரத்துக்கு வந்துவிட்டது.

சவூதியில், தம்மாமிலிருந்து என் வீட்டுக்காரர் பேசினார். "ஈ ஓட்டிட்டு இருக்கதுக்கு வாடகைக்கு விட்டுரு மெஹரு. அடுத்த வருசம் நோன்புப் பெருநாளுக்குள்ள ஒரு முடிவு எடு."

கோபத்தில் நானே ஒரு போர்டு எழுதினேன். 'கடை வாடகைக்கு.' எழுத்து அழகாகத்தான் வந்தது. மாட்டத்தான் மனசு வரவில்லை. நூல்கண்டு அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

7 பிப்ரவரி, புதன்

வார்டு கூட்டம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் புது இணைப்புச் சாலை வருகிறதாம். எங்கள் தெரு வழியாகவும் போகலாம், குளக்கரை வழியாகவும் போகலாம். எது என்று முடிவு செய்யத் தெருத் தெருவாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு எதிரே எழுதியிருந்தது: 'முப்பத்தொரு கடைகளில் முப்பது மூடியவை. பயன்பாடு இல்லை. குளக்கரை பரிந்துரைக்கப்படுகிறது.'

முப்பதா? நான் என்ன செத்தா போனேன்?

எழுந்து கேட்டேன், எந்த நாள் எண்ணினீர்கள் என்று. ஜெப்சி என்ற சின்ன வயது இன்ஜினியர், இனயம் கடற்கரை ஊர்ப் பெண், தாளைப் புரட்டினாள். "ஜனவரி பத்தொன்பது. பன்னெண்டே முக்கால்ல இருந்து ரெண்டு வரைக்கும்."

"அது வெள்ளிக்கிழமையில்லா மக்ளே" என்றார் பக்கத்துப் பாத்திரக்கடை முத்துநாயகம் அண்ணாச்சி.

ஜும்மா தொழுகை நேரத்தில் எங்கள் தெருவே ஷட்டர் போடும். தொழப் போகிறவர்கள் பள்ளிவாசலுக்கு, நான் வீட்டுக்கு. அண்ணாச்சியும் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவார். நாற்பது வருஷப் பழக்கம், அவருக்கு அன்றைக்கு மட்டும்தான் சூடான மீன்குழம்பு.

பாவம், அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. வரும் செவ்வாய் முழு நாளும் திரும்ப எண்ணுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

13 பிப்ரவரி, செவ்வாய்

ஒரு காரியம் செய்துவிட்டோம்.

யோசனை ஆட்டோ ஓட்டும் என் தம்பி ஃபாயிஸுடையது. அவன் ஸ்டாண்டில் பதினாலு வண்டி. "ராத்தா, நீ பேசாம இரி. எண்ணட்டும், எண்ணி எண்ணிக் கையி கடுக்கட்டும்" என்றான். காலை எட்டு மணியிலிருந்து பதினாலும் தெருவுக்குள் நுழைந்து, பின்பக்கம் போய், திரும்ப நுழைந்தன. அண்ணாச்சி தன் மினி லாரியில் அண்டா குண்டாவை ஏற்றி வெளியே அனுப்புவார், உள்ளே வரவழைப்பார். ஒரே அண்டா ஆறு தடவை போய் வந்தது.

நானும் ஸ்கூட்டியில் மூன்று ரவுண்டு போனேன். துப்பட்டாவை மாற்றி மாற்றி. ஜெப்சி தெருமுனையில் குடையைப் பிடித்துக்கொண்டு மும்முரமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு சிரித்து எத்தனை நாளாயிற்று.

5 மார்ச், செவ்வாய்

எங்க தலையில நாங்களே மண்ணை வாரிப் போட்டுட்டோம்.

சாலை எங்கள் தெரு வழியாகத்தான். ஆனால் இத்தனை வண்டி போகிற தெருவுக்கு இந்த அகலம் போதாதாம். இரண்டு பக்கமும் ஏழடி எடுக்க வேண்டுமாம். ஆட்கள் வந்து சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டார்கள். என் கடையே பதினொரு அடி ஆழம். கோடு என் ஸ்டூலுக்கும் பின்னால் விழுந்தது. மீதி நாலடியில் நான் என்ன, பொத்தானைச் சுவரில் ஒட்டி வைத்தா விற்பேன்?

அண்ணாச்சி ஃபாயிஸைப் பிடித்துக்கொண்டார். "லேய், ஒன் கூறுகெட்ட புத்தியக் கேட்டு என் கடையப் பாதியாக்கிட்டியே." அவன் தலை நிமிரவே இல்லை. நானும் மூன்று ரவுண்டு போனவள்தானே, என்ன சொல்வேன்?

6 மார்ச்

உண்மையைச் சொன்னால் சாலை குளக்கரைக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் கடை போய்விடும். எப்படிப் பார்த்தாலும் அந்த போர்டுக்கு வேலை வந்துவிட்டது.

ஆனால் பொய்யால் கடை போவது— அதை வாப்பா பொறுக்கமாட்டார். எனக்கும் முடியாது.

7 மார்ச், வியாழன்

ஜெப்சியின் ஆபீஸுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அண்ணாச்சியும் கூட வந்தார்.

ஜெப்சி பேனாவை மேஜையில் வைத்தாள். கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "மூணு வாரமா இதுக்குத்தானே உக்காந்து வரைஞ்சேன், அக்கா." அவ்வளவுதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

தாள்களைத் திரும்ப விரித்தாள். பிறகு கேட்டாள்: "நடந்து போன ஆளுவளையும் நீங்க சுத்த விட்டீங்களா?"

"இல்ல. நடக்கதுக்கு யாருக்கும் தோணல்ல."

"சத்தியமா?"

"நோன்பு வருது. பொய் சொல்லுவேனா?"

தாளைத் திருப்பிக் காட்டினாள். வண்டிகளுக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை. அன்று ஒரு நாளில் எங்கள் தெரு வழியாக நடந்தவர்கள் ஆயிரத்து நூற்று நாற்பது பேர். பஸ்ஸை விட்டு இறங்கி ஸ்டேஷனுக்குக் குறுக்கே போகிறவர்கள். எனக்குத் தெரியவே தெரியாது. தெரியாது என்று எப்படிச் சொல்வேன், தினமும் என் கண் முன்னால்தான் போகிறார்கள். கடைக்குள் வராதவர்களை நான் ஆளாகவே எண்ணவில்லை.

"இவங்க ஏன் நிக்க மாட்டேங்காங்க?" என்றாள். அண்ணாச்சி அப்போதுதான் வாயைத் திறந்தார். "எங்கன மக்ளே நிக்க? ஓடைக்கு மூடியில்ல. லைட்டு இல்ல. நின்னா ஆட்டோக்காரன் காலுல ஏத்துவான்."

அவள் பென்சிலை எடுத்தாள். வண்டிக்கு ஒருவழிப் பாதை மட்டும். இரண்டு பக்கமும் மூடிய ஓடையின் மேல் நடைபாதை. நடுவில் மினி பஸ் நிறுத்தம். கடைகளை இடிக்க வேண்டாம், வாசல்படி மட்டும் இரண்டடி உள்ளே போக வேண்டும்.

"வண்டிய மட்டும் இன்னொரு நாள் எண்ணுவேன். எந்த நாளுன்னு சொல்ல மாட்டேன்."

22 ஆகஸ்ட்

ஜெப்சி வரைந்த திட்டத்துக்கு அனுமதி வந்துவிட்டது. ஃபாயிஸ் அல்வா வாங்கி வந்தான். அண்ணாச்சி அவனிடமிருந்து வாங்கிச் சாப்பிட்டார், ஆனால் பேசவில்லை.

30 செப்டம்பர்

படியை இடிக்க யாரும் முன்வரவில்லை. ஆளாளுக்கு அடுத்த கடையைப் பார்த்தார்கள். காலையில் அண்ணாச்சியே கடப்பாரையோடு வந்தார். அவருடைய அப்பா போட்ட கருங்கல் படி. முதல் கல்லை அவரால் அசைக்க முடியவில்லை. ஃபாயிஸ் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தான். "பையத் தூக்குடே, கையி நசுங்கும்" என்றார்.

ஏழு மாதத்துக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் பேச்சு.

19 நவம்பர்

தெரு முழுக்கப் பள்ளம். மழைத் தண்ணீர். இன்று கடைக்கு வந்தது ஒரு தவளை.

2 டிசம்பர்

போர்டை வெளியே எடுத்தேன். பெயிண்ட் உரிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான்.

பொய். மாட்டத்தான் எடுத்தேன். ஆணி கிடைக்கவில்லை. அழுகை வந்தது, ஆணிக்காக அழுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன்.

10 பிப்ரவரி 2025, திங்கள்

மினி பஸ் வந்தது. டிரைவர் தெருமுனையில் ஹாரன் அடித்ததும் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டோம், கல்யாண ஊர்வலம் பார்க்கிற மாதிரி. இறங்கியது நாலு பேர். நாலு பேரும் ஸ்டேஷனுக்கு நேரே போய்விட்டார்கள்.

போகட்டும். நடைபாதையில் மெதுவாகத்தான் போனார்கள்.

27 பிப்ரவரி

எதிர்க்கடை ஷட்டரைத் திறந்து அரசங்கன்றை வேரோடு எடுத்தார்கள். ஜூஸ் கடை வருகிறதாம், நோன்புக்கு முன்னாலேயே. அந்தக் கன்றை அண்ணாச்சி ஒரு பழைய அண்டாவில் நட்டுத் தன் வாசலில் வைத்துக்கொண்டார். ஆறு தடவை ஊர்வலம் போன அண்டாவேதான்.

8 மார்ச், சனி

ஸ்டேஷனுக்குப் போகிற ஒரு டீச்சர், ரயிலுக்குப் பத்து நிமிஷம் இருக்கிறது என்று கடைக்குள் வந்து லேஸ் பார்த்தாள். ரயிலை விட்டுவிட்டாள். எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

21 மார்ச், வெள்ளி. நோன்பு இருபது

பெருநாள் தையல் சீசன். மூச்சு விட நேரமில்லை. வழக்கம்போலப் பன்னிரண்டரைக்கு ஷட்டர் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். இரண்டு மணிக்குத் திரும்பினால் வாசலில் ஐந்து பெண்கள், நூலுக்கு நிறம் பார்க்கக் கையில் துணியோடு காத்து நிற்கிறார்கள். அவர்கள் உள்ளே வர முடியாதபடி யாரோ நடைபாதையை அடைத்து இரண்டு பைக்குகளை நிறுத்தியிருந்தார்கள்.

இவர் போனில் கேட்டார், "பெருநாள் வந்தாச்சே, அந்த போர்ட என்ன செஞ்ச?" இருங்க, போட்டோ அனுப்புகேன் என்றேன்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து போர்டை எடுத்துத் தூசி தட்டி, மறுபக்கத்தில் பெரிய எழுத்தாக எழுதினேன். 'கடை முன் வண்டி நிறுத்த வேண்டாம்.' இந்தத் தடவை ஆணி உடனே கிடைத்தது.

மாட்டி முடித்து இறங்குவதற்குள் ஃபாயிஸ் ஆட்டோவைக் கொண்டுவந்து சரியாக அதன் முன்னால் நிறுத்தினான்.