ஒடுக்கித் தைத்த சட்டை

12.2.1996, இரவு

உம்மா தன் மகளை, என் ராத்தாவைக் கொல்கிறா. மாப்பிள்ளை வீட்டார் "பொண்ணு கொஞ்சம் தடிப்பு" என்று சொல்லிப் போன பிறகு ராத்தா மெலிந்துகொண்டே வாறா. பட்டினியால் அல்ல. விடியுமுன் சஹருக்கு என்னைவிட இரண்டு மடங்கு சோறு தின்கிறா. கை நடுங்குகிறது, தொண்டையில் வீக்கம். ஹோர்மோன் வருத்தமாக இருக்கலாம், இரத்தம் சோதியுங்கள் என்றார் டிஸ்பென்சரி டொக்டர்.

"நோன்புட பறக்கத்து மகன், அல்லாஹ்ட அருள், வடிவா மெலிஞ்சிருக்காள். வருத்தமெண்டு தெரிஞ்சா சம்பந்தம் கலைஞ்சிரும்" என்கிறா உம்மா. வீக்கத்தை முக்காடு மறைக்கிறது.

இன்று உம்மா கலியாணச் சட்டையை மறுபடியும் ஒடுக்கித் தைத்தா. "இனி ஒடுக்க என்னில என்ன இருக்கு உம்மா?" என்று ராத்தா சிரித்தா.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க உம்மா" என்றேன்.

தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.