வள்ளம் என்ற கோப்பு

இன்று காலை மீனவர் சங்கக் கணினியில் அந்தப் பிழைச்செய்தி மறுபடி வந்தது. நிரலில் 'கிளாஸ்' எனப்படும் புதிய பகுதி ஒன்றை எழுதிவிட்டுக் கோப்புக்கு வேறு பெயர் வைத்திருந்தேன். திருத்தக் கொஞ்ச நேரம்தான் எடுத்தது. வெளியே கடலைப் புரட்டும் கச்சான் காற்று.

டிப்ளோமா முடித்த கையோடு நீயும் நானும் சேர்ந்து ஜாவாவில் எழுதியது இந்த நிரல். கடலுக்குப் போனவர்களில் யார் இன்னும் திரும்பவில்லை என்று காட்டும். அதில் ஒரு கிளாஸுக்கு நீ ஆங்கிலத்தில் 'போட்' என்று பெயர் வைத்திருந்ததைப் பார்த்து, நுரைச்சோலைக் கரையில் யார் அப்படிச் சொல்கிறார்கள் என்று உன் வாப்பா சிரித்தார். மறுநாள் காலை அந்தக் கிளாஸின் பெயரை ஆங்கில எழுத்துகளிலேயே 'வள்ளம்' என்று மாற்றினாய்.

அன்று பின்னேரம் கடல் திடீரென்று கொந்தளித்தது. செயலாளர் ஓடிவந்து, யார் யார் கரைக்கு வரவில்லை என்று கேட்டார். நிரல் இயங்கவில்லை. ஜாவாவில் 'பப்ளிக்' என்று அறிவித்த கிளாஸுக்கு என்ன பெயரோ, அதுவேதான் கோப்புக்கும் இருக்க வேண்டும். நம் கோப்போ இன்னும் 'போட்' என்றே கிடந்தது. இயங்கிக்கொண்டிருந்த பழைய பிரதியையும் அழித்துவிட்டிருந்தோம். பதிவுகள் உள்ளே பத்திரமாக இருந்தன, திறக்கத்தான் வழியில்லை.

பெயரை மாற்றினேன். மறுபடியும் பிழை. செயலாளர் என் கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றார். நான் அதே பெயரையே திரும்பத் திரும்ப அடித்தேன்.

"கைய எடு," என்றாய். "முதல் வரிய வாசி. கிளாஸ் பேர்ல முதல் எழுத்து பெரிசு. நீ சின்ன எழுத்துல அடிச்சிரிக்கிறாய்."

திருத்தியதும் மூன்று வள்ளங்களின் பெயர்கள் வந்தன. கடைசியாக இருந்தது உன் வாப்பாவுடையது. நீ அதைச் செயலாளரிடம் சத்தமாக வாசித்தாய். குரல் தடுமாறவில்லை. தேடப் போகிறவர்கள் புறப்பட்ட பிறகுதான், "வாப்பாட வள்ளமும் வரல்ல டி," என்று என் தோளில் சாய்ந்தாய்.

மஃரிப் தொழுகைக்குச் சற்று முன் மூன்றையும் ஆட்களோடு கட்டி இழுத்து வந்தார்கள். கரையில் அவருடைய நனைந்த சட்டையை நீ விடவேயில்லை.

போன மாரியில் டெங்குக் காய்ச்சலில் நீ மௌத்தானாய். உன்னை அடக்கிய பிறகும் உன் வாப்பா கடலுக்குப் போகிறார். கரையேறியதும் முன்பு உனக்கு எடுத்த அழைப்பை இப்போது எனக்கு எடுக்கிறார். "வந்துட்டன் மகள்" என்பார். வேறு கதை இல்லை.

அந்த அழைப்பு வரும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.