கையெழுத்துப் போடாத நாலு பேர்

கொரோனா அடங்கி பஸ்ஸெல்லாம் மறுபடி ஓடத் தொடங்கிய வருஷம் அது. முகமூடியைக் கழற்றலாமா கூடாதா என்று ஆளுக்கொரு பேச்சு பேசினார்கள். மாதேஸ்வரன் மலைத் தேருக்கு மறுபடி கூட்டம் சேர்ந்தது. மண்டி மொஹல்லாவில் எங்கள் எதிர்வீட்டுத் தையல் கடை செல்போன் கடையானதும் அப்போதுதான். என் மகனும் உங்கள் மகளும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்ததும் அதே வருஷம். எனக்கு எழுத்து தெரியாது, சம்பந்தி. வருஷங்களை இப்படித்தான் முடிந்து வைத்திருக்கிறேன்.

இன்று காலை மளிகைக் கடை வாசலில் ஒரு மூட்டையைப் பிரித்தார்கள். கடலோர ஊர்களில் மீன் குழம்புக்குப் போடுவார்களே, அந்தக் கருஞ்சிவப்புப் புளி. வாசம் ஏறியதும் கால் நின்றுவிட்டது. கும்டா சந்தையில் நீங்கள் அதை வாயில் போட்டு முகத்தைக் கோணிய கோணல் அப்படியே வந்து நின்றது. மாவு மில்லுக்காரரைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். நான் சொல்கிறேன், அவர் எழுதுகிறார். எதையும் திருத்தக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

என் மகனின் நண்பனுக்கு ஹொன்னாவர் பக்கம் கடலையொட்டி ஒரு வீடு. நம் இரண்டு குடும்பமும் அங்கே போய்த் தங்குவதாக முன்பே பேச்சு. அதற்குள் கல்யாணமே முறிந்தது. பேரன் பேத்தி இருந்தாலாவது நடுவில் ஒரு நூல் இருக்கும், அதுவும் இல்லை. முறிந்த பிறகு ஒரு வீட்டுப் படியை மற்ற வீட்டார் மிதிப்பதில்லை, நல்லது கெட்டதுக்குச் சொல்லி அனுப்புவதுமில்லை. எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். ராமாபுரத்திலிருந்து நீங்கள் மட்டும் போன் போட்டீர்கள்.

“ஏனுங் சம்பந்தி, அந்தக் கடல் வூடு என்னாச்சுங்?”

“அதெங்கீங்க இனி? எல்லாந்தான் முறிஞ்சு போச்சே.”

“முறிச்சுக்கிட்டது அவங்க ரெண்டு பேரு. நாம நாலு பேரும் எந்தக் காயிதத்துலயும் கையெழுத்துப் போடலீங்களே! எனக்கும் உங்களுக்கும் போடவே தெரியாது. மூட்டையக் கட்டுங்.”

வீட்டுக்கார நண்பனிடம் நானே கேட்டேன். அவன் தயங்கித் தயங்கிச் சரி என்றான். பிள்ளைகளிடம் சொல்லாமல் கிளம்பினோம். ஷிமோகாவில் பஸ் மாறி, கெருசொப்பா மலை இறக்கத்தில் வளைவுக்கு வளைவு நீங்கள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தீர்கள். உங்கள் வீட்டம்மா, “மலைக்கே நடந்து போற ஆளுன்னு ஊரெல்லாம் பேச்சு. பாருங்கண்ணா வீரத்த” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தது. என் வீட்டுக்காரி எலுமிச்சம்பழத்தை நசுக்கி உங்கள் மூக்கடியில் பிடித்தாள்.

ஆற்றுப் பாலம் தாண்டி, சவுக்குத் தோப்புக்குள் மணலில் நடந்தால் வீடு. அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நம்மை மேலும் கீழும் பார்த்தாள். நீங்களெல்லாம் என்ன உறவு என்று கன்னடத்தில் கேட்டாள்.

“பீகரு,” என்றீர்கள் நீங்கள். சம்பந்திகள்.

“அப்படியானால் பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கே?”

“அவரு பரல்லா. நாவே பந்திதீவி.” அவர்கள் வரமாட்டார்கள், நாங்கள்தான் வந்திருக்கிறோம் என்று நீங்கள் சொன்னதில் ஒரு வெட்கமும் இல்லை. அவள் சாவியைக் கொடுத்துவிட்டு, ராத்திரிக்கு மீன் வறுக்கட்டுமா என்று கேட்டாள்.

கடலை நீங்கள் ரொம்ப நேரம் பார்த்தீர்கள். ஒரு கை அள்ளி நக்கித் துப்பினீர்கள். “இத்தன தண்ணி இருந்து ஒரு ராகி நாத்துக்கு ஆகுமா? வீண்!” கோபம் நிஜமான கோபம். மழைக்காக வானம் பார்த்த ஆள் அல்லவா. மறுநாள் அதே வீணான தண்ணீரில் இடுப்பளவு இறங்கி, கரையேற மாட்டேன் என்றீர்கள்.

ஊர் ஊராகப் போனோம். போர்டு படிக்கத் தெரியாத நாலு பேர், கண்டக்டரைக் கேட்டுக் கேட்டு ஏறினோம். இடகுஞ்சிப் பிள்ளையாரிடம் போனோம். கும்டா சந்தையில் பெண்கள் இரண்டு பேரும் புளிக்கு அடித்த பேரத்தில் கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். முருடேஸ்வரில் வானத்தை முட்டும் சிவனை அண்ணாந்து பார்த்து, “பெரியவருதான். ஆனா நம்ம மலை மாதப்பன் புலி மேல உக்காந்தவருங்” என்றீர்கள், விட்டுக்கொடுக்காமல்.

அங்கேதான் என் மகனின் போன் வந்தது. அவன் கத்தியது உங்களுக்கும் கேட்டது.

“அந்தாளுகூட எதுக்குப்பா போனீங்க? அவங்க நமக்கு யாரு?”

நான் போனை அணைத்தேன். பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பினோம். சாயங்காலம் மணலில் உட்கார்ந்து, வெயில் கடலுக்குள் இறங்குகிறபோது சொன்னீர்கள்.

“நான் முன்ன போனா எனக்குக் கோடி நீங்கதான் கொண்டாரோணும். நீங்க போனா நானுங். வூட்டுப் பொம்பளைங்களுக்கும் அப்படித்தான். எவன் மறிச்சாலும் சரி.”

செத்தவர் மேல் போர்த்தச் சம்பந்தி வீட்டிலிருந்து புதுத்துணி வரும். உறவு உண்டு என்று ஊருக்குச் சொல்வது அந்தத் துணிதான். சரி என்று உங்கள் கையில் அடித்தேன். உள்ளங்கை முழுக்க மணல்.

முதலில் போனவள் என் வீட்டுக்காரி. யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்து, புதுச்சேலையோடு வந்து நின்றீர்கள். வாசலில் என் மகன் நின்றான். “நவுருப்பா. என்ற சம்பந்தியம்மாவுக்குக் கோடி போடோணும்.” நகர்ந்தான்.

இந்தத் தையில் நீங்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. கொள்ளேகால் பஸ் கண்டக்டர் வாயால் தெரிந்தது. மகன் போகாதே என்றான். மண்டி மொஹல்லாவில் கரைபோட்ட வேட்டி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். உங்கள் தம்பி பந்தலில் கையை நீட்டி மறித்தார்.

“அந்தச் சம்பந்தம் அந்துபோச்சுங், பெரியவரே. இப்ப வேற சம்பந்தி வந்திருக்காங்க. ஊர் முன்னால வம்பு வேண்டாமுங்.”

“வம்பு பண்ணத்தான் வந்திருக்கேன் தம்பி. இது அவரு கேட்ட துணி.”

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் நகரவில்லை. அப்போது உள்ளேயிருந்து உங்கள் வீட்டம்மாவின் குரல், அழுகைக்கு நடுவில்: “அண்ணன உடுங்க. அவரு துணிதான் முதல்ல.”

உங்கள் மேல் முதலில் கிடந்தது என் துணி, சம்பந்தி. எந்தக் கோர்ட்டும் அதை எடுக்க முடியாது.

கடையில் அந்தப் புளியில் கொஞ்சம் வாங்கித் துண்டில் முடிந்திருக்கிறேன். நாளைக்கு ராமாபுரம் போகிறேன் என்றதும் மகன் மறுபடி ஆரம்பித்தான். “அந்தாளும் போயிட்டாரு. இனி அந்த ஊர்ல உங்களுக்கு யாருதான் இருக்காங்க?”

என் மேல் கோடி போடுகிறவர் இருக்கிறார் என்றேன். யார் என்றான். தெரு கேட்கும்படிச் சொன்னேன்: என் சம்பந்தியம்மா, மாதம்மா.