நடக்காத விவாதம்

நவம்பர் 5, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. பள்ளிக்கூடக் கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது. ஐந்தாம் வகுப்பை மூலைக்குத் தள்ளிக் கணக்கு நடத்தினேன். குடை கிழிந்துவிட்டது, வேறு வாங்க வேண்டும்.

மதியம் லண்டன் கடிதம். பேராசிரியர் கைப்பட எழுதியிருக்கிறார். என் ஆராய்ச்சியை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! புத்தகமாகவும் போடுகிறார்களாம். சிங்கப்பூர்க் கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு அவரே சிபாரிசு செய்கிறார். நின்ற இடத்திலேயே நான்கு முறை படித்தேன்.

ஒன்பது வருடம். சட்டசபை எப்படிக் கூடுகிறது, மசோதாவை ஏன் மூன்று முறை வாசிக்கிறார்கள், யார் எப்போது எழுந்து பேசலாம். இதைப் போய் ஒருவன் படிப்பானா என்று சிரித்தவர்கள்: தலைமையாசிரியர், கோப்பிக் கடை ஹமீது, என் சொந்த மாமனார்.

நான்காம் அத்தியாயம்தான் புத்தகத்தின் உயிர் என்கிறார் பேராசிரியர். எனக்கும் அதுவே. எங்கள் தீவுக்கு எதிரே, அக்கரையில் ஒரு மாநிலத்துச் சபை. தோட்டத் தொழிலாளர் மசோதா. ஏழாவது பிரிவு: வேலை போனவனைத் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டிலிருந்து அன்றைக்கே வெளியேற்றலாம். மசோதா நிறைவேறப் போகிற நேரம், தோட்ட முதலாளியான ஒரு வெள்ளைக்கார அங்கத்தினரே எழுந்து ஒழுங்குப் பிரச்சினை கிளப்புகிறார். பிரிவு பிரிவாக வாசிக்கச் சொல்லி அடம்பிடிக்கிறார். ஒரு மணி நேர விவாதம். கடைசியில் 'பதினான்கு நாள் நோட்டீஸ்' என்று திருத்தம். அரசாங்கமே பெரும்பான்மையாக உட்கார்ந்திருக்கும் சபையில், விதிப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் சாதித்தது. நடைமுறை வெறும் சடங்கு அல்ல என்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி.

நவம்பர் 7, புதன்

வீட்டில் விருந்து. ஆயிஷா நெய்ச்சோறு, ஆட்டுக்கறி. அவள் அண்ணன் காதர் மச்சானும் வந்திருந்தார். அக்கரைச் சபையில் இருபது வருடம் சுருக்கெழுத்துக் குமாஸ்தா, இந்த வருடம்தான் ஓய்வு. இங்கே ஆர்கைல் சாலையில் வீடு எடுத்திருக்கிறார். சபையின் அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்புகளைக் கட்டுக் கட்டாக எனக்கு அனுப்பிவைத்தவர் அவர்தான். அவர் இல்லாமல் இந்த ஆராய்ச்சி ஏது?

சாப்பாட்டுக்கு முன் அந்த விவாதத்தைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்துக் காட்டினேன். ஆயிஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. 'வெள்ளைக்காரன்ல இப்படியும் ஒருத்தனா' என்றாள்.

மச்சான் எழுந்து கை கழுவப் போனார். திரும்பி வந்து உட்காரவில்லை. 'வயிறு சரியில்ல, நான் வர்றேன்லா.' சோற்றில் கை வைக்கவே இல்லை.

நவம்பர் 8, வியாழன்

எப்படி எழுதுவது.

இடைவேளையில் மச்சான் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். 'மாப்ளே, ஒரு நடை போய்ட்டு வருவோமா?' கடற்கரைத் திடல் வரை நடந்தோம். மழை விட்டிருந்தது. தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடியே சொன்னார்.

'அந்தப் பேச்சை யாரும் பேசல மாப்ளே.'

'எந்தப் பேச்சு?'

'நேத்து நீங்க படிச்சது. நான் எழுதுனது அது.'

குறிப்பெடுத்ததைச் சொல்கிறார் என்று நினைத்தேன். 'ஆமா, நீங்கதானே குமாஸ்தா' என்றேன்.

'இல்ல மாப்ளே. நானா எழுதுனது.'

அன்றைக்கு அவருக்குக் குளிர் காய்ச்சலாம். பென்சிலைப் பிடிக்க முடியவில்லை. ஏழாவது பிரிவை யாரும் வாசிக்கவே இல்லை. 'ஆட்சேபணை இல்லையே?' என்று தலைவர் கேட்டிருக்கிறார். அதற்குள் எல்லாரும் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். குதிரைப் பந்தயத்துக்கு நேரமாகிவிட்டதாம்.

'மொத்தம் நாலு நிமிஷம். அச்சுக்கூடத்துலேருந்து ஆள் மேல ஆளா வர்றான், குறிப்பு குடு குடுன்னு. என் நோட்டுல கிறுக்கல்தான் இருக்கு. அவங்க வழக்கமா என்ன பேசுவாங்கன்னு எனக்கு மனப்பாடம். காய்ச்சலோட உக்காந்து எழுதிட்டே போனேன். ஏழாவது பிரிவு வந்ததும் கை நின்னுடுச்சு.'

'ஏன்?'

'அதுக்கு முந்துன வாரம் ரோட்டோரத்துல, தோட்டத்துலேருந்து வெளியேத்துன ஒரு குடும்பத்தைப் பாத்தேன். சட்டி பானையோட. புள்ள பெத்து மூணு நாளான பொம்பள, தலைக்கு மேல ஒரு சாக்கு. மழை. அது கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. கை எழுதிடுச்சு மாப்ளே.'

என் வாயிலிருந்து வந்தது: 'யாருமே பாக்கலையா?'

'எல்லாருக்கும் சரிபார்க்க அனுப்புனேன். பயந்து செத்தேன். அந்தத் தோட்டக்காரத் தொரை தன் பேச்சைப் படிச்சிட்டு ஒரே ஒரு கமாவை மாத்துனாரு. நல்லா எடுத்திருக்கேன்னு ஒரு சீட்டு வேற.'

'சட்டம்? சட்டத்துலயே பதினாலு நாள்னு இருக்கே!'

'சட்ட ஆலோசகர் லீவுல சீமைக்குப் போயிருந்தாரு. பதிலுக்கு இருந்தவரு என் குறிப்பைப் பாத்துத்தான் சட்டத்தை அச்சுக்கு அனுப்புனாரு. அடுத்த கூட்டத்துல, குறிப்பு வாசிச்சதா வச்சுக்குவோம்னு கை தூக்கிட்டாங்க. முடிஞ்சுச்சு.'

பள்ளிக்கூட மணி அடித்தது கேட்டது. போகவில்லை. ஒன்பது வருடத்தில் ஒரு வகுப்பு தவறவிட்டது இன்றுதான்.

நவம்பர் 9, வெள்ளி

தூக்கம் இல்லை. தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்று மறந்துபோயிற்று.

என் இரண்டாம் அத்தியாயத்தை எடுத்துப் பார்த்தேன். நானே எழுதியிருக்கிறேன்: சபை உறுதி செய்த குறிப்பை அதன் பிறகு யாரும் கேள்வி கேட்க முடியாது, அதில் உள்ளதே நடந்தது. அடிக்கோடு வேறு.

அப்படியானால் அது நடந்ததா? நடக்கவில்லை. சட்டம் செல்லுமா? என் விதிப்படி செல்லும். ஒருவர் வாய் திறந்தால்? இன்னொரு மசோதா கொண்டுவந்து அந்தப் பதினான்கு நாளை ஒரே நாளில் அடித்துவிடுவார்கள். நாலு நிமிடம் போதும் அவர்களுக்கு.

அந்த விவாதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, பிரிவு பிரிவாக வாசிக்கச் சொல்லும் விதி இருபத்தொன்றை அந்த அங்கத்தினர் பிடித்த விதம். எந்த அங்கத்தினருக்கும் அவ்வளவு விதி தெரிந்ததில்லை. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மெச்சிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 11, ஞாயிறு

காலை ஃபெரியில் பட்டர்வொர்த். அங்கிருந்து பஸ். அந்த மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆபீஸில் என் பழைய மாணவன் கணக்கு எழுதும் கிராணியாக இருக்கிறான். திடீரென்று போய் நின்றதும் பயந்துவிட்டான். 'சும்மா பாக்க வந்தேன்' என்றேன். வேலை போன குடும்பம் ஏதாவது லயத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

கடைசி வீடு. அஞ்சலை என்று பெயர், முப்பது வயது இருக்கும். புருஷனுக்குச் சீட்டுக் கிழித்துவிட்டார்கள். வாசலில் வேப்பிலை. உள்ளே சின்னப் பெண்ணுக்கு அம்மை.

'இன்னும் ஒம்போது நாள் இருக்குங்க சார். அதுக்குள்ள எறங்கிரும். எங்கண்ணன் தோட்டத்துக்குப் போயிருவோம்.'

நோட்டீஸைக் கேட்டேன். தகரப் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்தேன். ஏழாவது பிரிவு. மச்சானின் வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல்.

'இந்த நாளெல்லாம் யாரும்மா குடுத்தது?'

'சட்டமாங்க சார். யாரோ ஒரு வெள்ளக்காரத் தொரை சண்ட போட்டு வாங்கிக் குடுத்தாராம், கிராணி ஐயா சொன்னாரு. நல்லா இருக்கணும் அந்த மகராசன்.'

தண்ணீர் கொடுத்தாள். குடித்தேனா, தெரியவில்லை. ஃபெரி ஏறும் வரை எதுவும் நினைவில் இல்லை.

நவம்பர் 13, செவ்வாய்

ஆயிஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை வைத்துவிட்டாள். 'எங்க அண்ணனா? கடையில மிச்சச் சில்லறை கூடக் கேக்கத் தெரியாதே அவருக்கு?' பிறகு கேட்டாள்:

'பொய்னு தெரிஞ்ச பிறகு உங்க பேரைப் போட்டு அச்சடிக்க முடியுமா உங்களால?'

'முடியாது.'

'உண்மையை வெளிய சொல்ல முடியுமா?'

'சொன்னா அண்ணனுக்கு ஜெயில். அந்தப் பதினாலு நாளும் போயிரும்.'

'அப்புறம் என்னங்க யோசனை? அந்த அத்தியாயத்தை எடுத்துருங்க.'

'அது போனா புத்தகமே இல்ல ஆயிஷா. வேலையும் இல்ல.'

'தெரியுது' என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டாள்.

மாலை தந்தி ஆபீஸ். 'நான்காம் அத்தியாயத்தை நீக்கவும்.' குமாஸ்தா 'இவ்வளவுதானா?' என்றான். இவ்வளவுதான்.

நவம்பர் 16, வெள்ளி

லண்டன் தந்தி. நீக்குவது இயலாது, காரணம் சொல்லவும். உடனே பதில் அனுப்பினேன்: சான்று உறுதியில்லை, காரணம் வேறு சொல்வதற்கில்லை.

மச்சான் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். 'எழுதிடுங்க மாப்ளே. என் பேரைப் போட்டே எழுதிடுங்க. பென்ஷன் போனாப் போவுது. ஒம்போது வருசம்லா!'

'உங்களுக்காக மட்டும் இல்ல மச்சான்' என்று அஞ்சலையின் வீட்டைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. சட்டம் அச்சான பிறகு ஒரு தோட்டத்துப் பக்கமும் போனதில்லையாம், பயம். தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. பெரிய மனிதர், என்ன செய்வதென்று தெரியாமல் கோப்பியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

நவம்பர் 19, திங்கள்

இரண்டாவது தந்தி. அந்த அத்தியாயம் இல்லாமல் புத்தகம் இல்லை. சிபாரிசையும் திரும்பப் பெறுகிறார். வருந்துகிறாராம்.

இன்று ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம். பகுதி, தொகுதி. நன்றாகத்தான் நடத்தினேன். கூரையைச் சரிசெய்ய ஆள் வந்தான்.

நவம்பர் 20, செவ்வாய்

விமானத் தபால். என் தந்திகள் எதுவும் கிடைப்பதற்கு முன் பேராசிரியர் எழுதியது. உள்ளே இன்னொரு கடிதம்.

அந்தத் தோட்டக்காரத் துரை சீமையில் ஓய்வாக இருக்கிறாராம். பேராசிரியர் நான்காம் அத்தியாயத்தை அவருக்கு அனுப்பியிருக்கிறார். அவர் என் புத்தகத்துக்கு முன்னுரை எழுத ஆசைப்படுகிறார். அந்த நாள் நேற்று நடந்ததுபோல் இருக்கிறதாம். ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறதாம். எழுந்தபோது முழங்கால் நடுங்கியதாம். பேசி முடித்ததும் சபை ஒரு நிமிடம் அசையாமல் இருந்ததாம். மேல்மாடத்தில் பார்வையாளர்கள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். தன் வாழ்க்கையில் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான் என்று முடித்திருக்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கிழவர் நம்புகிறார்.

நேரே ஆர்கைல் சாலை. மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். இடையில் ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார்: 'அந்தக் கட்டடத்துக்கு மாடியே கிடையாதே.'

முடித்ததும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

'நல்லாத்தான் பேசியிருக்காரு' என்றார்.