தம்பி அமர்த்திய டாக்ஸி

நாங்குநேரி,
5-8-1966

தம்பி நம்பிராஜனுக்கு அக்கா பார்வதி எழுதுவது.

உன் கடிதமும் அதோடு மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையும் செவ்வாய்க்கிழமை வந்தன. எல்லோரும் சுகமா என்று கேட்டிருக்கிறாய். இருக்கிறோம். உன் அத்தானுக்கு முழங்கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. வயல் வரைக்கும் போய் வருகிறார். மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது. ரேஷன் அரிசியில் கல் பாதி, மக்கல் வாடை பாதி. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, காளைக் கன்று. இவ்வளவுதான் இங்கே நல்ல செய்தி.

ஆவணிக் கடைசியில் பம்பாய் மாட்டுங்காவில் கல்யாணம், நீ வந்து நாத்தனார் முடிச்சுப் போட்டால்தான் எனக்கு நிறைவு என்று எழுதியிருக்கிறாய். படித்தேன். உன் அத்தானுக்கும் படித்துக் காட்டினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். காகிதத்தில் எழுத உனக்கு நன்றாகத்தான் வருகிறது. ஆனால் சித்திரை மாதம் நாங்கள் உன் வீட்டில் வந்து தங்கியிருந்தோமே, அப்போது உன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

நாங்கள் எதற்காக அவ்வளவு தூரம் வந்தோம் என்று உனக்குத் தெரியாதா? என் மகள் மாடத்திக்குக் காது குத்தும்போது உன் மடியில்தான் உட்கார வைத்தோம். உனக்கு அப்போது மீசைகூட அரும்பவில்லை. மாமன் மடியில் உட்கார்ந்தவள் மாமன் வீட்டுக்குத்தான் என்று ஊரே சொன்னது. சின்னப் பையன் உனக்கு என்ன தெரியும், அந்தப் பேச்சை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் பம்பாயில் வேலை கிடைத்துப் புறப்பட்டபோது நீ வளர்ந்த ஆள். "யக்கா, மாடத்திய பத்தாவது வரைக்கும் படிக்க வையி, எழுதப் படிக்கத் தெரியாதவள அங்க கூட்டிட்டுப் போய் நான் என்ன செய்ய" என்று அடுப்படியில் நின்று சொன்னாயே, அதைச் சொன்னது யார்? அந்த ஒரு வார்த்தைக்காக, உன் அத்தானோடு சண்டை போட்டு அவளை டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். கேட்டு வந்தவர்களிடம் எல்லாம் என் தம்பி இருக்கிறான் என்று சொல்லி அனுப்பினேன். பொங்கலுக்குப் பொங்கல் நீ சேலை அனுப்பினாய். நாங்கள் பைத்தியக்காரர்கள், அதை வேறு என்னவென்று நினைப்போம்?

"வாங்க, ஊரையும் பார்த்த மாதிரி இருக்கும், பேச வேண்டியதையும் பேசிக்கிடலாம்" என்று நீயேதான் எழுதினாய். அத்தானுக்குக் கால் முடியவில்லை. பம்பாய் புறப்பட்ட ஒரு குடும்பத்தோடு சேர்ந்து நானும் அவளும் வந்தோம். திலக் நகரில் உன் வீட்டில் இருந்தபோது நீ செய்த உபசாரம் இருக்கிறதே, அதில் குறை சொல்ல முடியாது. தினமும் பூ, தினமும் பலகாரம். நான் பேச்சை எடுக்க வாயைத் திறந்தால் மட்டும் ஞாயிற்றுக்கிழமை பேசுவோம் அக்கா என்பாய். அந்தக் குழந்தை தினமும் உனக்குச் சோறு போட்டாள், உன் சட்டையைத் துவைத்து மடித்து வைத்தாள். நீயும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் டிராம்பே கம்பெனிக்கு பஸ் ஏறினாய்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் டாக்ஸி நின்றது. நம்ம ஊர்ப்பக்கத்து ஆள்தான், வெயிலுமுத்து, தாராவியில் இருக்கிறார், பம்பாய் முழுக்க அவருக்கு அத்துப்படி, எல்லாம் காட்டி மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிடுவார் என்றாய். நீ வரவில்லையா என்று கேட்டேன். கம்பெனியில் ஷிப்டை மாற்றிவிட்டார்கள் என்றாய். மாடத்தி அன்றைக்கு நீ அனுப்பிய அரக்குச் சேலையைக் கட்டியிருந்தாள். நீ முன் சீட்டில் உட்கார்ந்து வருவாய் என்று நினைத்திருக்கிறாள், பாவம். வண்டி கிளம்பி மெயின் ரோட்டுக்குப் போகும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயிலுமுத்து நல்ல மனிதர். போரிபந்தர் ஸ்டேஷனைக் காட்டி, கோபுரத்துக்குள் எத்தனை புறா இருக்கிறது என்பதுவரை சொன்னார். அப்புறம் கப்பல் வந்து நிற்கிற அந்தப் பெரிய வாசலுக்குக் கொண்டுபோனார். அங்கே என்ஜினை நிறுத்திவிட்டு இருமினார். "யக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். என்னப்பா என்றேன். என் முகத்தைப் பார்த்தார், மாடத்தி முகத்தைப் பார்த்தார், "வெள்ளைக்காரன் பட்டாளம் கடைசியா இந்த வாசல் வழியாத்தான் கப்பலேறிப் போச்சு" என்றார். சரி, நமக்கு அறிவு வரட்டும் என்று சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டேன்.

கடலோரத்து மெரின் டிரைவில் மறுபடியும் ஒண்ணு சொல்லணும் என்றார். ராத்திரியில் இங்கே விளக்குப் போட்டால் கழுத்து மாலை மாதிரி தெரியும் என்று முடித்தார். மலைமேல் இருக்கிற தோட்டத்தில், செருப்பு மாதிரிக் கட்டியிருக்கிறார்களே ஒரு வீடு, அதன் பக்கத்தில் நின்று மறுபடியும் தொண்டையைக் கனைத்தார். அந்த இடத்தில் அவருக்குச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஓடிப்போய் வறுகடலை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். காசு கொடுத்தால் வாங்கவில்லை. நான் மாடத்தியிடம், பார்த்தாயா, உன் மாமன் எப்பேர்ப்பட்ட ஆளாகப் பார்த்து அனுப்பியிருக்கிறான் என்று பெருமை வேறு பேசினேன். என் வாயில் மண்ணை அள்ளிப் போட.

மகாலட்சுமி கோயிலில் என்ன செய்தேன் தெரியுமா? உன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, அவள் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, இரண்டுக்கும் சேர்த்துத் தாமரைப்பூ வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பூசாரிக்கு நம் பேச்சு புரியாது என்று வெயிலுமுத்துவைத்தான் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். அவர் இரண்டு பெயரையும் சேர்த்து இந்தியில் சொன்னார். வெளியே வந்ததும், "இனிமே ஒங்களச் சுத்திக் காட்டுனா எனக்குப் பாவம் வந்து சேரும், யக்கா, எங்க வீட்ல ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போவோம்" என்று வண்டியைத் தாராவிக்குத் திருப்பிவிட்டார்.

தாராவியில் அவர் வீடு ஒரே அறை. தோல் பதனிடுகிற வாடை. அவர் மனைவி அன்னத்தாய் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் உள்ளே வராமல் வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றார். நீயே சொல்லிவிடு என்று அவளிடம் அவர் சொன்னதும், "ஒத்துக்கிட்டு வந்தது நீரு, சொல்லுதது நானா" என்று அவள் சீறியதும் கதவு இடுக்கு வழியாக என் காதில் விழுந்தன. அப்புறம் அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயும் படி. "மதினி, மனசத் தேத்திக்கிடுங்க. ஒங்க தம்பிக்கு மாட்டுங்காவுல பொண்ணு பேசி முடிச்சாச்சு. மளிகைக் கடைக்காரர் மக. நம்ம சனந்தான். அதச் சொல்லத்தான் இவுகள அனுப்பிச்சிருக்காவ. கடக்கரையில வச்சுச் சொல்லும், காத்தும் கூட்டமுமா இருக்கும், அக்கா அங்க வச்சுச் சத்தம் போடமாட்டான்னு சொன்னாவளாம்."

கேட்டாயா? நான் எங்கே சத்தம் போடுவேன், எங்கே போடமாட்டேன் என்றுகூட யோசித்திருக்கிறாய். அந்த யோசனையில் கால்வாசி என் மகளைப் பற்றி இருந்திருக்கக் கூடாதா? எங்களுக்கு ஊர் காட்டவா டாக்ஸி அமர்த்தினாய்? உன் வாய்க்குப் பதில் இன்னொருவன் வாயை அமர்த்தினாய். அவனுக்கும் முடியாமல் அவன் பெண்டாட்டி வாய்க்குப் போய், அதற்குப் பிறகல்லவா என் காதுக்கு வந்தது. கூடப்பிறந்தவன் சொல்ல வேண்டியதை, அதற்குமுன் முகம் பார்த்திராத ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

நான் அழுதேன். மாடத்தி அழவில்லை. காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். வெளியே போய் வெயிலுமுத்துவிடம், "அண்ணாச்சி, எல்லா எடமும் காட்டுனீங்க, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, மாட்டுங்காவுல அந்த வீட்டையும் காட்டிருங்க" என்றாள். வேண்டாம்டி என்று நான் மன்றாடினேன். அவர் கும்பிட்டுப் பார்த்தார். அவள் முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

நாங்கள் மாட்டுங்காவுக்கு வந்தது உனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது தெரிந்துகொள். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், கீழே கடை, மேலே வீடு. வண்டி நின்றதைப் பார்த்துவிட்டு மாடியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். வெயிலுமுத்து மெதுவாக, இதுதான் அந்தப் பெண், சந்திரலேகா என்றார். நல்ல நிறம், நல்ல லட்சணம். "அரே, வெயில்ல நிக்கிறீங்களே, ஊர்லேர்ந்து வர்றீங்களா, யாரைப் பார்க்கணும்" என்று அன்பாகத்தான் கேட்டாள். பம்பாயெல்லாம் பார்த்தீர்களா என்று கேட்டாள். மாடத்தி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எல்லாம் பாத்தாச்சு, இதுதான் கடைசி" என்றாள். வழி தவறி வந்துவிட்டோம் என்று நான் சொல்லி வண்டியை எடுக்கச் சொன்னேன். அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு சொட்டுக் கோபம் கிடையாது. அவள் எங்களை உள்ளே வரச் சொன்னாள். நாங்கள் யாரென்று அவளுக்குத் தெரிந்திருந்தால் உன் சங்கதியும் தெரிந்திருக்கும்.

திரும்பி வந்தபோது நீ வீட்டில் இருந்தாய். ஓட்டல் சாப்பாடு வாங்கி இலை போட்டு வைத்திருந்தாய். ஊர் எப்படி இருந்தது அக்கா என்று இலையைப் பார்த்துக் கேட்டாய். நன்றாக இருந்தது என்றேன். மாடத்தி உனக்கு மோர் ஊற்றினாள். அப்போதாவது சொல்வாய் என்று பார்த்தேன். மறுநாள் தாதர் ஸ்டேஷனில் ஆரஞ்சுப் பழம் வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தாய். அப்போதாவது சொல்வாய் என்று பார்த்தேன். வண்டி நகர்கிறவரைக்கும் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், தம்பி. போய்க் காகிதம் போடு என்றாய்.

அவளைப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான். கட்டாயம் பண்ணிக் கட்டிவைக்க நான் வரவில்லை. அக்கா, எனக்கு மனசு வேறு இடத்தில் இருக்கிறது என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால், வைதிருப்பேன், உன் தலையில் இரண்டு குட்டுக்கூடக் குட்டியிருப்பேன். அன்று சாயங்காலமே உனக்கு நான்தான் சோறும் போட்டிருப்பேன்.

இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன். நாங்கள் வெறுங்கையோடு திரும்பியதிலிருந்து இங்கே ஆளுக்கொரு கதை. தாய்மாமனே வேண்டாம் என்றால் பெண்ணிடம் ஏதோ இருக்கிறது என்கிறார்கள். தண்ணீர்க் குழாயடிக்கு அவள் போனால் பேச்சு நிற்கிறது. இந்த நேரத்தில்தான் களக்காட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. சைக்கிள் கடை வைத்திருக்கிறான், செல்லப்பாண்டி என்று பெயர். பையன் அடக்கமானவன். மாடத்தியைப் பார்க்கச் சொன்னோம், பார்த்தாள், சரி என்றாள். அவன் அம்மாவுக்கும் இவளைப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரே ஒரு பேச்சில் நிற்கிறாள். "உரிமைக்காரன் உசிரோட இருக்கையில அவன் கையால வெத்தல வாங்காம நாங்க பொண்ணு எடுக்கமாட்டோம். பொண்ணுல குறை ஒண்ணும் கெடையாதுன்னு அவனே சபையில சொல்லட்டும்" என்கிறாள். அவள் கேட்பதில் என்ன தப்பு? நம் வழக்கம் அதுதானே. நீ வராவிட்டால் இந்த இடமும் கைநழுவிப் போகும். அதற்குப் பிறகு யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அத்தான் தன் தம்பியை உன் சார்பில் நிற்க வைக்கலாமா என்று கேட்டார். அவர்கள் ஒப்பவில்லை. மாடத்தியும் ஒப்பவில்லை. ஆவணி இரண்டாம் வெள்ளிக்கிழமை வெற்றிலை மாற்ற நாள் குறித்திருக்கிறோம். உன் கல்யாணத்துக்கு முன்னாலேயே வருகிறது, லீவு போடு. முடிச்சுப் போட நான் வருவேனா என்று கேட்டாயே, அதற்குப் பதிலை அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சொல்கிறேன்.

வெற்றிலை பாக்கு, தட்டு எல்லாம் இங்கே வாங்கி வைக்கிறேன். நீ எதுவும் கொண்டுவர வேண்டாம், சேலையும் வேண்டாம். தந்தி கொடுக்காதே, மணியார்டர் அனுப்பாதே, ஊருக்கு வருகிற எவனிடமும் சேதி சொல்லி விடாதே. நீ வா. நேராக வீட்டுக்குள் வா. அவள்தான் உனக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவருவாள், அதை நான் அவளிடம் இப்போதே சொல்லிவிட்டேன். அதை வாங்கிக் குடி. குடித்துவிட்டு, சபைக்குச் சொல்வதற்கு முன்னால், அவளிடம் சொல்.

உன்னை ஆசீர்வதித்து எழுத இன்றைக்கு எனக்குக் கை வரவில்லை. அந்தப் பெண் சந்திரலேகா நன்றாக இருக்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அக்கா பார்வதி